குளிர் இருந்த இடம்

சரியான ஒரு சொல்லைத் தவறான இடத்தில் வைத்தால் அது பொய்யாகிவிடுமா? சபினா கோல்கேயை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. எங்கள் ஊர் தோலாபாம்பா முழுவதும் அவளைப் பற்றி ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: குளிர். அவள் கர்ப்பப்பையில் குளிர் ஏறிவிட்டது என்றார்கள். குளிர் இருந்தது உண்மை. அது இருந்த இடம்தான் வேறு.

பஸ் நிற்கும் இடத்தில் காலையில் ஆப்பி விற்பவள் சபினா. ஊதாச் சோளத்தை அரைத்து, பட்டையும் கிராம்பும் போட்டுக் கொதிக்க வைத்த அந்தக் கெட்டிப் பானம் உள்ளே போனால்தான் எங்கள் பொலிவிய மேட்டுநிலத்தில் ஒருவருக்குப் பேச்சே வரும். வாரம் முழுக்க அவளுக்குப் பல மடிப்புப் பாவாடை, இரட்டைப் பின்னல், வட்டத் தொப்பி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறுப்புச் சட்டை, கறுப்பு அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில். எங்கள் கால்பந்து சங்கத்தின் ஒரே பெண் நடுவர் அவள்.

அவள் நடத்திய ஆட்டங்களில் நான் கோட்டோரம் கொடி பிடித்து ஓடியிருக்கிறேன். அதை வைத்துச் சொன்னால், அவளிடம் பெரிய கருணை கிடையாது. சாமர்த்தியமும் குறைவு. ஆனால் பந்து எங்கே இருக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் அவள் இருப்பாள். ஒரு நடுவரிடம் கேட்க வேண்டியது அவ்வளவுதான். அது கிடைப்பதுதான் அரிது.

அவள் கைக்கு விசில் வந்தது ஒரு திருவிழா நாளில். பக்கத்து நகரமான ஓருரோவிலிருந்து வரவழைத்திருந்த நடுவர் முதல் பாதியிலேயே மதுவின் பாரம் தாங்காமல் கம்பத்தடியில் உறங்கிவிட்டார். ஆட்டக்காரர்கள் சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஆப்பி ஊற்றிக்கொண்டிருந்த சபினா அகப்பையைப் பானையில் போட்டுவிட்டு நடந்து வந்து, உறங்குகிறவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினாள். இரண்டாம் பாதியில் முதல் சிவப்பு அட்டை அவள் கணவன் லூசியோவுக்கு. சந்தை அணியின் கோல்காப்பாளன் அவன். எதிரணிக்காரனின் காலை வாரியிருந்தான்.

மறுநாள் காலை அவனை வளைத்துக்கொண்டோம்.

“என்னப்பா லூசியோ, நேத்து வீட்டுல சாப்பாடு கிடைச்சுதா?”

“கிடைச்சுது. ஆனா பெஞ்சுல உக்காந்துதான் சாப்பிடணும்னுட்டா.”

பிறகு ஓருரோவிலிருந்து நடுவரை வரவழைப்பது நின்றது. ஆண்கள் ஆட்டமோ பெண்கள் ஆட்டமோ, விசில் அவளுடையது. எங்கள் பெண்கள் பாவாடையுடனேயே பந்தாடுவார்கள். நடுவர் மட்டும் அரைக்கால் சட்டையில் வருவதைச் சிலர் முகம் சுளித்துப் பார்த்தார்கள். சில மாதங்களில் அதுவும் பழகிப்போனது.

முப்பத்தைந்து வயதையொட்டி அவளிடம் ஒரு மாற்றம் தொடங்கியது. கொதிக்கும் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு சால்வை போர்த்த ஆரம்பித்தாள். “ஆப்பி, சூடான ஆப்பி” என்று பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்கக் கூவும் குரல் கரகரத்து, ஆண் குரல் போலத் தடித்தது. பின்னல்கள் இளைத்தன. முகம் காலையில் உப்பியிருக்கும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது தன் பெயர்தானா என்று யோசித்துவிட்டுத் திரும்புவதுபோலத் திரும்புவாள்.

மாதவிடாயும் தடம் மாறியது. இதை அவளே பின்னாளில் எல்லோரிடமும் மறைக்காமல் சொன்னாள். சொல்ல வேண்டும் என்பதில் பிடிவாதமாகவும் இருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன். மாதம் ஒருமுறை வந்து நாலைந்து நாளில் போக வேண்டியது, சில சமயம் இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. வந்துவிட்டால் போக மறந்துவிடும். இரண்டு வாரம்வரை நீளும். கட்டி கட்டியாகப் போகும். ஞாயிறுகளில் துணியை இரட்டையாக மடித்து வைத்துக்கொண்டு, நடுவர் உடை கறுப்பாக இருப்பதற்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு மைதானத்தில் இறங்குவாள்.

எங்கள் ஊரில் நோய் இரண்டே வகை. சூட்டினால் வருவது, குளிரினால் வருவது. ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போனால் கர்ப்பப்பைக்குள் குளிர் நுழைந்திருக்கிறது என்று பொருள். எப்படி நுழைந்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அந்த விசாரணையை அவள் மாமியார் நார்சிசா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். வாய் ஓயாதவள். மருமகளைத் திட்டும் உரிமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

“பிள்ளை பெத்த பத்தாம் நாளு ஆத்துல எறங்கி கம்பளி அலசினியே. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டியாடி?”

“அத்தை, அது நடந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு.”

“குளிருக்கு என்ன அவசரம்? அது உள்ள போயி உக்காந்து, நல்லா யோசிச்சுதான் வேலைய ஆரம்பிக்கும்.”

“பன்னெண்டு வருஷமா யோசிச்சுதா?”

“உன் உடம்புல இருக்குற குளிரு, உன்ன மாதிரி மந்தமாத்தானே இருக்கும்.”

ரோஸ்மேரி இலை போட்ட ஆவியின் மேல் அவளை உட்கார வைத்தாள் நார்சிசா. ஒரிகானோ கஷாயம் கொடுத்தாள். கறுப்பு ஆட்டுத் தோலைச் சூடாக்கி வயிற்றில் கட்டினாள். சிவப்புக் கம்பளியில் அகலமான இடைக்கச்சை ஒன்று நெய்து, தினமும் தன் கையாலேயே இறுக்கிச் சுற்றிவிட்டாள். ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். அடுத்த மாதம் பழைய கதைதான்.

ஊர் வேறொரு காரணத்தைப் பிடித்துக்கொண்டது. ஆற்றில் கம்பளி அலசாத பெண் இங்கே யார்? ஆனால் வெறும் தொடையோடு காற்றில் ஓடுகிறவள் சபினா ஒருத்திதான். குளிர் அந்த வழியாகத்தான் ஏறியிருக்க வேண்டும். பார்ப்பதற்குக் கச்சிதமாகப் பொருந்திய விளக்கம். இப்படிப் பொருந்துகிற விளக்கங்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். அவற்றை யாரும் திரும்பத் தட்டிப் பார்ப்பதில்லை.

மழைக்காலத்துக்கு முந்திய ஒரு ஞாயிறு. சந்தை அணிக்கும் ரயில்வே அணிக்கும் ஆட்டம். பந்து ஒரு கோடியில், சபினா பாதி மைதானம் பின்னால். ரயில்வே அணிக்காரன் ஒருவனைப் பெனால்டி கட்டத்துக்கு வெளியே காலை வாரிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்த அவள் உள்ளே விழுந்ததாக நினைத்துப் பெனால்டி கொடுத்தாள். கோல் விழுந்தது. கூட்டத்துக்கு வாய் திறந்தது.

“ரெஃபரி அக்கா, பஸ்ஸு போயிடுச்சு. அடுத்த பஸ்ஸுக்கு நில்லுங்க.”

“அக்காவுக்கு ஒரு கட்டில் கொண்டாங்கப்பா.”

இரண்டாம் பாதியில், யாரும் அவளைத் தொடாமலேயே, நடுவட்டத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். நான் கொடியைப் போட்டுவிட்டு ஓடினேன். முகத்தில் ரத்தமே இல்லை. மெழுகுவர்த்தி நிறம். மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தாள்.

“கொடிய எதுக்குக் கீழ போட்ட? ஆட்டம் நிக்கல.”

எழுந்தாள். மீதி நேரத்தையும் நடத்தி முடித்தாள். பந்துக்குப் பக்கத்தில் போக முடியவில்லை. ஆனால் மைதானத்தை விட்டுப் போகவில்லை.

அந்த வாரமே சங்கக் கூட்டம். தலைவர் டொன் எலியோதோரோ ஒரு தச்சர். கெட்டவரல்ல. நல்லது செய்கிறோம் என்ற நிச்சயம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

“சபினா, உன் நல்லதுக்குத்தான் சொல்றோம். இனிமே பாவாடை கட்டிக்கிட்டு, உள்ள கம்பளிக் காலுறை போட்டுக்கிட்டு விசில் அடி. ஆட்டக்காரிங்க எல்லாம் பாவாடையிலதானே ஓடுறாங்க? நீ மட்டும் ஏன் காத்துக்குத் தொடையக் காட்டணும்?”

“ஆடுறவங்களுக்கு ஒரு உடுப்பு, நடுவருக்கு ஒரு உடுப்பு. டொன் எலியோதோரோ, நீங்க இருவது வருஷம் அரைக்கால் சட்டையில ஆடினீங்க. உங்க கர்ப்பப்பை நல்லாத்தானே இருக்கு?”

கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு, கையைத் தூக்கித் தீர்மானத்தை நிறைவேற்றியது. பாவாடை கட்டினால் விசில். இல்லையென்றால், குளிர் இறங்கும்வரை ஓய்வு.

சபினா விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“கழட்டச் சொன்னா கழட்டுறேன். கட்டச் சொன்னா கட்டமாட்டேன்.”

பிறகு ஞாயிறுகளில் அவள் மைதானத்துப் பக்கம் வரவில்லை. வேறொருவன் விசில் ஊதினான். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பந்துக்கு எதிர்த் திசையில் ஓடுவதில் வல்லவன்.

விசில் திரும்ப வேண்டுமானால் ரத்தம் நிற்க வேண்டும். அதனால் லூசியோவும் நார்சிசாவும் அவளை ஓருரோவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். சின்னக் கட்டி ஒன்று இருக்கிறது, உள்சுவர் தடித்திருக்கிறது, ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது என்றார் மருத்துவர். இரும்பு மாத்திரை எழுதினார்.

“ஒரு பொண்ணு இருக்குல்ல? போதும்ல? கர்ப்பப்பைய எடுத்துடலாம். தொல்லை விட்டுச்சு.”

“எடுத்தா ஓடலாமா?” என்று கேட்டாள் சபினா.

“எதுக்கு ஓடணும்?” என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

திரும்பி வரும் பஸ்ஸில் நார்சிசா ஜன்னலைப் பார்த்தபடி வெகுநேரம் பேசவில்லை. அது அதிசயம். ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“குளிர எடுக்காம பைய எடுத்தா, அந்தக் குளிரு எங்கடி போகும்?”

லூசியோ சிரித்தான். சபினா சிரிக்கவில்லை. லூசியோ இதை எனக்குச் சொன்னபோது, சிரிக்கும் அளவுக்கு அவளுக்குத் தெம்பு இருந்திருக்காது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தக் கேள்வியில் சிரிக்க எதுவும் இல்லை.

அறுவைக்கு முன் உள்ளூர்ச் சுகாதார நிலையத்தில் சில பரிசோதனைகள் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே அப்போதுதான் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தாள். மாரிசெல் என்று பெயர். சாந்தா குரூஸ்காரி. தாழ்நிலத்து வெயிலில் வளர்ந்தவள். எங்கள் ஊர் வெயிலிலேயே பெரிய கோட்டும் காதை மூடும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, காலடியில் ஹீட்டர் வைத்துக்கொண்டுதான் நோயாளிகளைப் பார்ப்பாள்.

நார்சிசா உட்காருவதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

“டாக்டரம்மா, இவளுக்குக் கர்ப்பப்பையில குளிரு.”

“எனக்கும்தாம்மா குளிருது. இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து என் மூக்கு எங்க இருக்குன்னே தெரியல.”

“அப்ப உங்களுக்கும் ஏறிடுச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, ரோஸ்மேரி ஆவி போட்டு விடுறேன்.”

மாரிசெல் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. சபினாவின் இரண்டு சால்வைகளையும், அதன் கீழே இருந்த கம்பளிச் சட்டையையும் பார்த்தாள்.

“நான் மாம்பழம் விளையுற ஊர்க்காரி. எனக்குக் குளிர்றது நியாயம். நீங்க எங்க பொறந்தீங்க?”

“இங்கதான் டாக்டர். ஸ்டேஷன் பின்னாடி தெரு.”

“இங்க பொறந்து வளர்ந்தவங்களுக்கு எதுக்குக் குளிரணும்?”

மூன்று வருடங்களாகக் குளிர் எப்படி வந்தது என்று ஊரே விசாரித்தது. ஏன் குளிர வேண்டும் என்று கேட்டவர் யாரும் இல்லை. வெளியூர்க்காரி ஒருத்தி தன் நடுக்கத்தை வைத்து அதைக் கேட்டாள்.

“அதத்தான் நான் தலப்பாடா அடிச்சுக்கிறேன்” என்றாள் நார்சிசா. “கொதிக்கிற பானை பக்கத்துலயே நிக்கிறா. ரெண்டு சால்வ. அப்பவும் பல்லு தந்தியடிக்குது.”

“எங்க குளிருது சபினா? அடிவயித்துலயா?”

“வயித்துல ஒண்ணுமில்ல. கை, காலு, எலும்பு, எல்லாத்துலயும்.”

நார்சிசா திரும்பி மருமகளைப் பார்த்தாள். “இத ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க, அத்தை? நீங்கதான் சொல்லிக்கிட்டே இருந்தீங்க.”

மாரிசெல் அதற்கப்புறம் கேட்ட கேள்விகள் கர்ப்பப்பையைப் பற்றியவை அல்ல. குரல் எப்போது தடித்தது, முடி கொட்டுகிறதா, மலச்சிக்கல் உண்டா, தூங்கி எழுந்தாலும் அசதியா. எல்லாவற்றுக்கும் ஆமாம். கழுத்தில் விரல் வைத்து, தண்ணீர் விழுங்கச் சொல்லிப் பார்த்தாள். நாற்காலியில் முழங்காலிடச் சொல்லி, குதிகாலுக்கு மேல் சின்னச் சுத்தியலால் தட்டினாள். பாதம் துள்ளியது. திரும்பி வருவதற்கு மட்டும் யோசித்து யோசித்து வந்தது. ரத்தம் எடுத்து ஓருரோவுக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் லூசியோவையும் சேர்த்து மூவரையும் கூப்பிட்டாள்.

“கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. தைராய்டு. உடம்புங்கிற அடுப்பு எவ்வளவு எரியணும்னு சொல்றது அதுதான். உங்களுக்கு அது சோர்ந்து போச்சு. அதனாலதான் குளிரு, அசதி, குரல் மாறினது.”

“ரத்தம் போறது?” என்று கேட்டாள் சபினா.

“அதுவும் அதோட வேலைதான். அது சரியா சுரக்கலைன்னா கருமுட்டை நேரத்துக்கு வெளிய வராது. முட்டை வரலைன்னா கர்ப்பப்பைக்கு எப்ப உதிர்க்கணும், எப்ப நிறுத்தணும்னு சேதி போகாது. சுவரு தடிச்சுக்கிட்டே போகும், அப்புறம் கண்டபடி உதிரும். ரத்தம் உறையறதும் கொஞ்சம் மந்தமாகும்.”

“அப்ப கர்ப்பப்பை மேல தப்பில்லையா?”

சபினா ஒரு நடுவர் என்பது அதற்குள் மாரிசெலுக்குத் தெரிந்திருந்தது.

“மைதானத்துல விசில் சத்தமே வரலைன்னா ஆட்டக்காரங்க என்ன செய்வாங்க?”

“அவங்க இஷ்டத்துக்கு ஆடுவாங்க.”

“அதேதான். ஆட்டக்காரங்கள வெளிய தூக்கிப் போட்டா ஆட்டம் சரியாயிடுமா?”

சபினா கழுத்தில், விசில் தொங்கும் இடத்துக்குச் சற்று மேலே, கையை வைத்துக்கொண்டாள்.

“ஏன் டாக்டர் சோர்ந்து போச்சு?” என்று கேட்டான் லூசியோ.

“நம்ம உடம்போட காவல்படையே அதத் தாக்குது. எதிரின்னு நினைச்சுக்கிட்டு.”

“சேம் சைடு கோல்” என்றாள் சபினா, கரகரத்த குரலில். “இவரு அடிக்கடி வாங்குவாரு.”

மாரிசெல் ஒன்றைத் தெளிவாகச் சொன்னாள். எல்லாப் பெண்களின் ரத்தப்போக்குக்கும் தைராய்டு காரணம் அல்ல. சபினாவின் கட்டி சின்னது, கண்காணித்தால் போதும். மாத்திரையைக் கொடுத்துச் சில மாதம் பார்ப்போம், அடங்காவிட்டால் அறுவையைப் பற்றி அப்போது பேசலாம் என்றாள். மருத்துவத்தில் இந்த ‘பார்ப்போம்’ என்ற சொல் எனக்குப் பிடிக்கும். தனக்கு எவ்வளவு தெரியும் என்பதைத் தெரிந்தவர்தான் அதைச் சொல்ல முடியும்.

மாத்திரை சின்னது. ஆனால் அதைச் சுற்றி வீட்டில் ஒரு யுத்தம் நடந்தது. காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் வேறெதுவும் கூடாது. குளிர் ஏறிய பெண்ணுக்கு விடியற்காலை வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரா? நார்சிசா நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

“டாக்டரம்மா, நீங்க குணப்படுத்துறீங்களா, கொல்லப் பாக்குறீங்களா?”

“வெந்நீரும் தண்ணிதானேம்மா. வெந்நீர் கொடுங்க.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓருரோவில் கொடுத்த இரும்பு மாத்திரை தனியாகக் கிடந்தது. சின்ன மாத்திரை தனியாகப் போகிறதே, துணைக்குப் பெரியதும் போகட்டும் என்று நார்சிசா இரண்டையும் ஒன்றாக விழுங்க வைத்தாள். இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தபோது எதுவும் பெரிதாக அசையவில்லை. சபினா அன்று சுகாதார நிலையத்தின் வெளிப் படிக்கட்டில் உட்கார்ந்து, அறுவைக்கே போய்விடலாம் என்று லூசியோவிடம் சொன்னாள். அவள் விட்டுக்கொடுக்கும் குரலில் பேசி அவன் கேட்டது அந்த ஒரு முறைதான். உள்ளே மாரிசெல் நார்சிசாவைத் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ரெண்டையும் ஒண்ணாவா கொடுத்தீங்க?”

“தொணைக்கு.”

“அம்மா, இரும்பு மாத்திரை இத வழியிலயே மடக்கிப் பிடிச்சுக்கும். உள்ள போக விடாது. காலையில இது, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அது.”

வெளியே வந்த நார்சிசா மருமகளின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். கல் சில்லென்று இருந்திருக்கும். பெண்கள் கல்லில் உட்காரவே கூடாது என்று ஊருக்கே சொல்லித்திரிகிறவள் அவள்.

“தப்பு எம்மேலடி. இன்னும் ரெண்டு மாசம் கொடு.”

முதலில் ஒரு சால்வை போனது. பிறகு இன்னொன்று. பஸ்ஸின் கடைசி சீட்டில் உறங்கியவன் ‘ஆப்பி’ என்ற குரல் கேட்டு எழுந்த ஒரு காலையில், அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மாதவிடாய் இன்னும் கொஞ்சம் நாள் அடம் பிடித்தது. பின்னர் ஒரு மாதம் நேரத்துக்கு வந்தது, ஐந்தாம் நாள் விடைபெற்றுக்கொண்டது. அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும். நார்சிசா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். கன்னி மாதாவுக்கு ஒன்று, டாக்டரம்மாவுக்கு ஒன்று. மத்தியானங்களில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பெண் ஓடுவதை ஆடு மேய்ப்பவர்கள் பார்த்தார்கள்.

திருவிழா இறுதியாட்டத்துக்கு முன் சங்கம் கூடியது. சபினா வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. எழுந்தது நார்சிசா.

“ஊருக்கெல்லாம் குளிருன்னு சொன்னவ நான்தான். இன்னைக்கும் அதையேதான் சொல்றேன். குளிரு இருந்துச்சு. ஆனா கழுத்துல இருந்துச்சு. நாம எல்லாரும் தொடையப் பாத்துக்கிட்டு இருந்தோம்.”

எங்கள் கூட்டத்தில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்து நான் கேட்டதில்லை. டொன் எலியோதோரோவும் சிரித்தார், காது சிவக்க. தீர்மானத்தை ரத்து செய்ய எல்லாக் கைகளும் உயர்ந்தன. விசிலை அவரே எடுத்து வந்து சபினாவிடம் நீட்டினார்.

“உன் அரைக்கால் சட்டையையே போட்டுக்கம்மா. இனிமே எவனாவது வாயத் திறந்தா எங்கிட்ட சொல்லு.”

“சொல்றேன்” என்று வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒரு புதுச் சொல் புழங்குகிறது: கழுத்துக் குளிர். மாதவிடாய் தடுமாறுகிற பெண்கள் சுகாதார நிலையத்துக்குப் போய், “எனக்குக் கழுத்துக் குளிரான்னு பாருங்க டாக்டரம்மா” என்கிறார்கள். சிலருக்கு இருக்கிறது. பலருக்கு இல்லை. வேறு காரணம். ஆனால் வந்துவிடுகிறார்கள். மாரிசெல் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை. நான் கேட்டபோது, “இடத்த மாத்தியாச்சு, அது போதும்” என்றாள்.

நான் எளிதில் யாரையும் மெச்சுபவன் அல்ல. எங்கள் ஊர் பிடிவாதமானது, அதன் நிச்சயங்கள் கனமானவை. ஆனாலும் அது தன் சொல்லைக் கைவிடாமலேயே தன் பிழையைத் திருத்திக்கொண்டது. அதைச் செய்ய வைத்தவள் ஒரு ஆப்பிக்காரி. அவளோடு ஒரே மைதானத்தில் ஓடியவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

இறுதியாட்டத்து மதியம் வெயிலில் கண் கூசியது. இரண்டு அணிகளும் வரிசையாக நின்றன. இசைக்குழு ஊதி ஓய்ந்தது. சபினா மைதானத்தின் மூலையிலிருந்து நடந்து வந்தாள். கறுப்புச் சட்டை. கழுத்தில் விசில். இடையில் நார்சிசா நெய்த சிவப்புக் கச்சை, அதில் செருகிய அட்டைகள். அதன் கீழே, கணுக்காலுக்குச் சற்று மேலே வரை விரிந்து நின்ற கறுப்புப் பாவாடை.

டொன் எலியோதோரோ எழுந்து நின்றுவிட்டார். கட்டச் சொன்னபோது கட்டமாட்டேன் என்றவள். யாரும் கட்டச் சொல்லாத நாளில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அந்தப் பாவாடையோடு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். பந்து எந்தக் கோடியில் விழுந்தாலும் மடிப்புகள் சுழல அவள் அங்கே முன்னதாகவே இருந்தாள். பழைய கிண்டல்காரன் ஒருவன் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தான்.

“ரெஃபரி அக்கா, பஸ்ஸு...”

“அக்காதாண்டா இப்ப பஸ்ஸு. ஓரமா நில்லு” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அடுத்த ஞாயிறு பழையபடி அரைக்கால் சட்டையில் வந்தாள். பிறகு ஒருநாளும் பாவாடையில் விசில் ஊதவில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் என்று லூசியோ கேட்டிருக்கிறான், டொன் எலியோதோரோ கேட்டிருக்கிறார், கோட்டோரத்தில் கொடியோடு நின்று நானும் கேட்டிருக்கிறேன். பதிலுக்கு ஆப்பிதான் ஊற்றிக் கொடுத்தாள்.